பகல் முறை

இராஜபாளையம்
4 மார்ச் 2024

சுடலையம்மாளுக்குத் தனுஷ்கோடி எழுதுவது.

இனிமேல் உன்னோடு பேசமாட்டேன் என்று உன் பேத்தியின் காதுகுத்துப் பந்தியில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்தச் சொல்லில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். எப்படித் தடுப்பது என்று யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்தேன்.

அப்பா நமக்கு விட்டுப்போன மலையடித் தோட்டத்துக் கிணற்றில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. மோட்டார் ஒன்று. கரண்டு வருகிறபோது வோல்டேஜ் இருக்காது, வோல்டேஜ் இருக்கிறபோது மோட்டார் காயில் கருகிக் கிடக்கும். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் சோலார் பம்பு போடலாம் என்று இரண்டு வருடமாக அலைகிறேன். மானியத்தில் போட்டுத் தருகிறார்கள். கூட்டுக்கிணறு என்பதால் உன் சம்மதமும் வேண்டுமாம். ஒரு கையெழுத்து. அதைத்தான் உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நீ என்ன செய்தாய்? கையைக் கழுவாமல், இருந்த இடத்திலிருந்தே, "ராத்திரிக்கு உங்க சூரியன் வருமாண்ணே?" என்றாய். பந்தி முழுவதும் சிரித்தது. சாம்பார் வாளி வைத்திருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்து வந்தேன்.

சிரிப்பு எனக்குப் புதிதல்ல. மொட்டைமாடியில் முதன்முதலாக ஒரு சோலார் பலகையை வைத்து ஃபேன் ஓட்டியபோது தெருவே சிரித்தது. அந்த ஃபேன் இன்றும் ஓடுகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மோட்டாரோடு வருகிற விளக்கத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தே தொழில் கற்றவன். அலுவலகத்தில் இருக்கிற இன்ஜினீயர், "பெரியவரே, வீட்ல படிச்சவுக யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். அதையும் பொறுத்தேன். நில வரைபடம் வேண்டும் என்றார்கள், வாங்கினேன். கிணற்றுக்குச் சான்று வேண்டும் என்றார்கள், வாங்கினேன். எல்லாம் தாண்டி வந்த பிறகு மிச்சமிருக்கிற ஒரே தடை என் கூடப்பிறந்தவள்.

ஏன் மறுக்கிறாய்? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. வெயில் சும்மா கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ள ஒருத்திக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்? பதில் எழுது.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
12 மார்ச் 2024

அண்ணனுக்குச் சுடலை எழுதிக்கொள்வது.

பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கு உங்கள் கடிதம் வந்துசேர ஒரு வாரம் ஆகியிருக்கிறது. பஸ்ஸில் ஏறியிருந்தால் முக்கால் மணி நேரத்தில் வந்து பாயசமும் குடித்திருக்கலாம். உங்களுக்கென்று எடுத்து வைத்ததை உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர்தான் மறுநாள் குடித்தார்.

அண்ணே, நான் கேட்டது நக்கல் இல்லை. கேள்வி. சிரித்தவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிணற்றில் அப்பா வைத்த முறை உங்களுக்கு மறந்துவிட்டதா? சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை தண்ணீர் உங்கள் தென்னைக்கு. மறைந்ததிலிருந்து விடியும்வரை எங்கள் எலுமிச்சைக்கு. பகல் முறை உங்களுக்கு, ராத்திரி முறை எங்களுக்கு. இத்தனை வருடமாக அதில் ஒரு நாள் மாற்றியது கிடையாது. ஒரு கிணற்றுக்கு ஒன்றுதான், சோலார் வந்தால் கரண்டு இணைப்பை எடுத்துவிடுவார்கள் என்று நீங்களே பந்தியில் சொன்னீர்கள். உங்கள் பம்பு பகலில் மட்டும் ஓடும். அப்படியானால் என் முறையில் எனக்கு என்ன வரும்? கிணற்றில் பாதி காகிதத்தில் இருக்கும், தண்ணீர் இருக்காது. மரம் காகிதத்தைக் குடிக்காது அண்ணே.

இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெயில் மேல் எனக்கு என்ன விரோதம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இதை எழுதும்போது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். அந்தப் பலகைக்கு நிலா வெளிச்சம் போதாதா? பௌர்ணமிக்காவது செத்த நேரம் ஓடாதா? நிலா வெளிச்சமும் சூரியன் கொடுத்ததுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம்.

சுடலை


இராஜபாளையம்
27 மார்ச் 2024

சுடலையம்மாளுக்கு,

நிலாவைப் பற்றிய உன் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. நானும் இதுவரை யோசித்ததில்லை. பங்குனிப் பௌர்ணமிக்கு மாடியில் பலகையோடு மீட்டரை மாட்டிப் பார்த்தேன். முள் அசைந்தது. உண்மையாகவே அசைந்தது. ஆனால் ஒரு எறும்பு நகர்கிற அளவுக்குத்தான். அதில் ஒரு பல்புகூட எரியாது. ஆகவே உன் பள்ளிக்கூடம் சொன்னது சரி, பம்பு ஓடாது என்பதும் சரி.

அடுத்து முறை விஷயம். பேட்டரி வைத்தால் ராத்திரியும் ஓட்டலாம். ஆனால் அந்த மோட்டாருக்கு வேண்டிய பேட்டரிகளின் விலையில் இன்னொரு தோட்டம் வாங்கலாம், சில வருடத்தில் செத்தும் போகும். மானியத்தில் அது கிடையாது. அதனால் அதை விட்டுவிடு.

இருப்பது ஒரே வழிதான். உன் நிலத்தில் ஒரு பெரிய தொட்டி கட்டு. பகலில் என் தென்னைக்குப் போனது போக மிஞ்சுகிற தண்ணீர் தொட்டியில் விழட்டும். பொழுது சாய்ந்ததும் நீ திறந்துவிட்டுக்கொள். உன் முறையும் மாறவில்லை, என் முறையும் மாறவில்லை. இதைவிட நியாயமாக எவனும் யோசிக்க முடியாது.

மில்லில் ஸ்பின்னிங் பிரேமுக்கு மட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனவனையும் ஆள் அனுப்பிக் கூட்டி வருவார்கள். அந்த ஆள் நான். நூலிழை சாய்ந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். நியாயத்திலும் அப்படித்தான். சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெயில் ஏறிக்கொண்டே போகிறது.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
10 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்று நான் ஒரு காரியம் செய்தேன். கான்சாபுரத்தில் வைகுண்டராஜ் என்பவர் தோட்டத்தில் சோலார் பம்பு ஓடுகிறதென்று கேள்விப்பட்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிப் போனேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் வீட்டம்மா சோறு போட்டார்கள்.

பலகைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது! வைகுண்டராஜ் கத்துகிறார்: "ஏட்டி, எத்தன மட்டம் சொல்லுதேன், அது மேல காயப்போடாதேன்னு. தண்ணி கொறையுதுல்லா!" அந்த அம்மா அசரவில்லை. "ஆமா, மயிலு ஏறி எச்சம் போட்டா மட்டும் கொறையாதோ? அதச் சொல்ல ஒமக்கு வாயி வராது. வத்தல் எம்புட்டு நல்லாக் காயுது பாருங்கக்கா" என்று என்னிடம் காட்டினார். உண்மையிலேயே நன்றாகக் காய்ந்திருந்தது.

நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். காலையில் குழாயில் தண்ணீர் கயிறு மாதிரி வருகிறது. வெயில் ஏற ஏறப் பருத்து, உச்சியில் ஆள் தொடை அளவுக்கு வருகிறது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. யாரும் சுவிட்சுப் போடவில்லை, யாரும் கரண்டுக்குக் காத்திருக்கவில்லை. எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் மேற்கே மலை இருக்கிறதல்லவா, சூரியன் அதற்குப் பின்னால் போனதும் தண்ணீர் மறுபடி கயிறாகிவிடுகிறது. இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே நின்றும் போகிறது. நம் தோட்டம் மலைக்கு இன்னும் பக்கம். அதனால் உங்கள் பகல் முறை முழுவதும் பகல் இல்லை, அதில் நல்ல தண்ணீர் நடுப்பகலில் மட்டும்தான். அதில் உங்கள் தென்னைக்குப் போனது போக எனக்கு மிஞ்சும் என்கிறீர்கள். தென்னை போதும் என்று எப்போது சொல்லியிருக்கிறது?

தொட்டி கட்ட வேண்டுமென்றால் காய்க்கிற எலுமிச்சையை வெட்டி இடம் விட வேண்டும். என் நிலம், என் மரம், என் செலவு, உங்கள் மிச்சம்.

நான் ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் பகல் உங்களுக்கு, மறுநாள் பகல் எங்களுக்கு. ராத்திரியைக் கிணற்றுக்கே விட்டுவிடுவோம். சரியா?

சுடலை


இராஜபாளையம்
17 ஏப்ரல் 2024

சுடலையம்மாளுக்கு,

சரியில்லை.

பகலை அப்பா எனக்குக் கொடுத்தார். மூத்தவன் என்பதால் கொடுத்தார். அதை ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று கூறுபோட எனக்கும் அதிகாரமில்லை, உனக்கும் இல்லை. தொட்டியைக் கிண்டல் செய்தாய். கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.

கான்சாபுரம் போய் உட்கார்ந்து பார்த்தது நல்ல காரியம். உன்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை. குழாய்த் தண்ணீர் கயிறு மாதிரி வருவதாக எழுதியிருக்கிறாய். பலகை எந்தத் திசை பார்த்து இருந்தது? எவ்வளவு சாய்த்திருந்தார்கள்? அதைப் பார்க்காமல் வந்துவிட்டாயே.

இதற்குள் மோட்டார் மறுபடியும் கருகிவிட்டது. இந்தக் கோடையில் இது இரண்டாவது. காயில் கட்டுகிற சேக் முகைதீன் கடைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவரிடம் சோலார் பற்றிச் சொன்னேன். "அண்ணாச்சி, எல்லாரும் வெயில்ல ஓட்ட ஆரம்பிச்சா எங்கடைக்கு யாரு வருவா? ஒங்களமாரி ஆளுக மோட்டாரு எரிய எரியத்தான் எங்க வீட்டு அடுப்பு எரியுது" என்று சிரித்தார். பிறகு, "ஆனா ஒண்ணு. ஒங்க தங்கச்சி கேட்டது ஞாயமான கேள்விதான அண்ணாச்சி?" என்றார். காயில் கட்டுகிறவருக்குக் கிணற்று நியாயம் எதற்கு? மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். முன்னால் நிறைய வேலை கிடக்கிறதாம், நாளாகும் என்கிறார்.

தென்னையில் அடிமட்டைகள் தொங்குகின்றன. உன் எலுமிச்சை இலை சுருண்டுவிட்டது. இது உன் கையெழுத்து இல்லாததால் வந்தது. இதை நீ யோசிக்க வேண்டும்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

மூத்தவர் என்பதால் பகலைக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீங்கள் அப்போது மில்லில் ராத்திரி ஷிப்டு. விடிந்து வந்து தூங்கி எழுந்து தோட்டத்துக்குப் போவீர்கள். உங்கள் மாப்பிள்ளை பேண்டேஜ் கம்பெனியில் பகல் வேலை. "அவனுக்குப் பகல் சும்மா கெடக்கு, ஒனக்கு ராத்திரி சும்மா கெடக்கு, வேற என்ன கணக்கு வேண்டிக்கெடக்கு?" என்று அப்பா சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். மூத்தவன், இளையவள் என்ற பேச்சே வரவில்லை. பொறவு நீங்கள் பகல் ஷிப்டுக்கு மாறினீர்கள். முறை மாறவில்லை. பொறவு நீங்கள் ரெண்டு பேரும் ஓய்வு பெற்றீர்கள். அப்போதும் மாறவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

மும்முனைக் கரண்டு ராத்திரி எப்போது வரும் என்று தெரியாமல் மோட்டார் ரூமில் சாக்கை விரித்துப் படுத்திருப்போம். அவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. நான் தனியாகத்தான் போகிறேன். ராத்திரி முறையை விட்டுவிட எனக்குத்தான் உங்களைவிட ஆசை அதிகம். ஆனால் விட்டால் கையில் வேறொன்று இருக்க வேண்டுமே அண்ணே.

இலை சுருண்டதைப் போய்ப் பார்த்தேன். இந்த வெயிலில் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

சுடலை


இராஜபாளையம்
6 மே 2024

சுடலைக்கு,

உன் கடிதத்தை நம்பவில்லை. அதனால் விசாரித்தேன். என்னோடு மில்லில் இருந்த முத்துராமலிங்கத்தைத் தேடித் தளவாய்புரம் போனேன். காது மந்தம், ஞாபகம் கெட்டியாக இருக்கிறது. கிணற்றுக் கதையைச் சொல்லிவிட்டு, அந்தச் சமயம் நான் என்ன ஷிப்டு என்று கேட்டேன். "ஏலே, ராச்சிப்டுல பஞ்சு மூட்டைக்குப் பின்னால தூங்கி வழிஞ்சு மேஸ்திரிகிட்ட மாட்டுனவன் நீதானல! இதுல என்ன சந்தேகம் ஒனக்கு?" என்றான். அவன் மனைவி முன்னால் சொன்னான். சரி, ஷிப்டு விஷயத்தில் நீ சொன்னது பொருந்துகிறது. அதற்காக மற்றதெல்லாம் பொருந்திவிடாது.

மோட்டார் இல்லாத இந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. கிணற்றைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுத் தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறித்தேன். யாரும் இறைக்காதபோது தண்ணீர் ஏறுகிறது. ஏறி ஏறி, கிழக்குச் சுவரில் அத்திச் செடி முளைத்திருக்கிற படிக்கல்லில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறுவதில்லை. பிறகு டீசல் இன்ஜின் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஒரு நாள் பகலில் மட்டும் இறைத்தேன். தண்ணீர் மறுபடி அதே படிக்கல்லுக்கு வந்தது. இன்னொரு நாள் ராத்திரியில் மட்டும் இறைத்தேன். மறுபடியும் அதே படிக்கல். பகல், ராத்திரி என்பது கிணற்றுக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஊற்றுத் தருவது இவ்வளவுதான், யார் எப்போது எடுத்தாலும். ராத்திரி நீ எடுத்தது காலையில் என் தண்ணீரில் குறைந்திருக்கிறது. பகலில் நான் எடுத்தது உன்னதில் குறைந்திருக்கிறது. இத்தனை வருடம் நாம் நேரத்தைப் பங்கு போட்டிருக்கிறோம். பங்கு போட வேண்டியது தண்ணீரை.

ராத்திரி இறைத்துப் பார்க்க வேண்டியிருந்ததால் ஒரு ராத்திரி மோட்டார் ரூமில் இருந்தேன். கொசு அதிகம். வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை. இறைத்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று உன் எலுமிச்சைக்குத் திருப்பிவிட்டேன். முறைப்படி அது உன்னுடையது.

ஆகவே என் முடிவு இது. சோலார் பம்பு தண்ணீரை நேராக வாய்க்காலில் விடாமல், கிணற்று மேட்டில் ஒரு சிறிய பங்குத் தொட்டியில் விட வேண்டும். தொட்டிக்கு இரண்டு வாய். ஒன்று உன் பக்கம், ஒன்று என் பக்கம். வெயில் எப்போது எவ்வளவு தண்ணீர் தந்தாலும் அது அப்போதே இரண்டாகப் பிரிந்துவிடும். பகல் முறையும் இல்லை, ராத்திரி முறையும் இல்லை. யாரும் காவல் இருக்க வேண்டாம்.

நான் விட்டுக்கொடுத்ததாக நினைக்காதே. கிணறு சொன்னதை எழுதுகிறேன்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
15 மே 2024

அண்ணனுக்கு,

எலுமிச்சைத் தூரில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, மழை பெய்ததா என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டேன். "ஒங்க அண்ணன்தான் மம்பட்டியும் கையுமாத் திரிஞ்சாவ. டார்ச்சத் தண்ணிக்குள்ள போட்டுட்டுத் தேடிக்கிட்டு நின்னாவ" என்றார்கள். உங்கள் கடிதம் பிறகுதான் வந்தது. டார்ச் கிடைத்ததா?

படிக்கல் விஷயத்தை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தப் படிக்கல்லை நானும் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறேன். அது எதையாவது சொல்கிறது என்று தோன்றியதே இல்லை.

தொட்டி யோசனை நல்ல யோசனை. ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் கட்டுகிற தொட்டியில் உங்கள் வாய் பெரிசாகவும் என் வாய் சிறிசாகவும் இருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? மாப்பிள்ளை சொல்கிறார்: "ஒங்கண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா தென்னையப் பாத்துட்டா அவியளுக்குக் கை தானா அந்தப் பக்கம் சாஞ்சிரும்." நானும் அதைத்தான் நினைக்கிறேன். உங்கள் பாதி எப்போதும் கொஞ்சம் பெரிய பாதி. சின்ன வயதில் பனங்கிழங்கை உடைத்ததிலிருந்து எனக்குத் தெரியும்.

தொட்டி முதலில். நான் வந்து பார்க்கிறேன். கையெழுத்துப் பொறவு.

சுடலை


இராஜபாளையம்
20 ஜூன் 2024

சுடலையம்மாளுக்கு,

தொட்டி கட்டியாகிவிட்டது. கொத்தனாரை வைக்கவில்லை, ஒவ்வொரு செங்கலும் என் கையால் வைத்தது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கட்டினேன்.

உத்தரவாதம் கேட்டாய். என் வாழ்நாளில் என் மட்டத்தைச் சந்தேகப்பட்டவன் எவனும் கிடையாது, நீதான் முதல் ஆள். பனங்கிழங்கு தானாக உடைந்தது.

வருகிற வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், தோட்டத்தில் இருக்கமாட்டேன். அன்றைக்கு வந்து பார். காகிதம் மோட்டார் ரூமில் ஃப்யூஸ் பெட்டிக்குக் கீழே இருக்கிறது.

டார்ச் கிடைக்கவில்லை.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜூன் 2024

அண்ணனுக்கு,

வந்தேன். இரண்டு வாயையும் சாண் வைத்து அளந்தேன். அகலத்தில் மயிரிழை வித்தியாசமில்லை. சந்தேகப்பட்டது தப்புத்தான்.

கையெழுத்துப் போட்டு அதே இடத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு டார்ச் இருக்கும். அது மாப்பிள்ளையுடையது. இனிமேல் அவருக்குத் தேவைப்படாது என்று கொடுத்தனுப்பினார்.

சுடலை


இராஜபாளையம்
21 ஜனவரி 2025

சுடலைக்கு,

பம்பு ஓடுகிறது.

கையெழுத்துக் கிடைத்துவிட்டால் மறுமாதம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறமும் எத்தனை! ஒரு ஆபீசர் மாறினார். புதியவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். கம்பி கொண்டு வந்தவர்கள் பலகை கொண்டு வரவில்லை. பலகை வந்தபோது மழை. கடைசியில் மாட்ட வந்த வினோத் என்பவர் மலையைப் பார்க்கப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, "வியூ நல்லாருக்கு சார்" என்றார். "தம்பி, பலக வேடிக்க பாக்க வரல. வெயில் இங்கிட்டு வருது" என்று தெற்கே திருப்ப வைத்தேன். போகும்போது, "சார் எங்க டிப்ளமோ முடிச்சீங்க?" என்று கேட்டார்.

பழைய மோட்டாரைச் சேக் முகைதீனிடமே கொடுத்துவிட்டேன். செம்புக் கம்பிக்கு ஆகும் என்றார். "சோலாரு ரிப்பேரானா நம்ம கடைக்குத்தான் கொண்டு வரணும் அண்ணாச்சி, நான் அதையும் கத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். கற்றுக்கொள்ளட்டும்.

கரண்டு இணைப்பை எடுத்துவிட்டார்கள். மோட்டார் ரூமில் உன் சாக்கு இருந்தது. தண்ணீர் பிரிகிற இடத்தில் மண் அரிக்காமலிருக்க அதை மடித்துப் போட்டிருக்கிறேன். பலகை மேல் எதையும் காயப்போடாதே.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

எலுமிச்சை பூத்திருக்கிறது. வெயிலில் நின்று தண்ணீர் பாய்வதை இத்தனை வயதுக்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். எந்த மரம் எவ்வளவு குடிக்கிறது என்று இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். முதல் பஸ்ஸில் போனேன். வெயில் ஏறவில்லை. குழாயில் தண்ணீர் கயிறு மாதிரி வந்துகொண்டிருந்தது. தொட்டியில் என் வாயில் மட்டும் தண்ணீர் போகிறது, உங்கள் வாய் காய்ந்து கிடக்கிறது. ஏதோ அடைப்பு என்று குச்சியை விட்டுப் பார்த்தேன். அடைப்பில்லை. வெயில் ஏறிய பிறகுதான் உங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் மறுபடியும் உங்கள் பக்கம் நின்றுவிட்டது, என் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. மூட்டமாக இருந்த நாளில் போனேன், அன்றைக்குப் பகல் முழுக்க அதே கதை.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டி விளிம்பில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு மட்டமாகத்தான் இருக்கிறது. பிறகு வாய்க்குள் கையை விட்டுத் தடவினேன். அண்ணே, என் வாயின் அடிவிளிம்பு உங்களுடையதைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கிறது. அகலத்தை அளந்த நான் ஆழத்தை அளக்கவில்லை.

வயதாகிவிட்டது, கண்ணும் முன்போல் இல்லை, கட்டும்போது தவறிப்போயிருக்கும். உங்கள் பங்கை நான் தின்ன வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு சிமெண்டு வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தை ஒரு விரல் உயர்த்திவிடுகிறேன். சரியென்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் போனைத் திறங்கள். தடுக்கத் தெரிந்த உங்களுக்குத் திறக்கத் தெரியாது என்று இப்போதுதான் புரிகிறது.

சுடலை


இராஜபாளையம்
22 பிப்ரவரி 2025

தங்கச்சி சுடலைக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே எழுதுகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வர வேண்டும். தபாலை நம்பாமல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொட்டியைக் கட்டும்போது டியூப்பில் தண்ணீர் அடைத்து இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, சிமெண்டு இறுகுவதற்கு முன் மறுபடியும் பார்த்தேன். டியூப் மட்டம் தப்பாது. மில்லில் பிரேம் நிறுத்திய கை இது. எது எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டுமோ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது.

என் வேலையில் தவறு என்று நீ எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சிமெண்டு வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை வருவதென்றால் வா, பாயசம் வைக்கச் சொல்கிறேன். தொட்டியில் கை வைக்கக் கூடாது.

தனுஷ்கோடி